இசிஆர் சாப்பாட்டுக்கு ஒரு பழைய வழிகாட்டி

தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை வந்தால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இசிஆர் பக்கம் போறோம், எங்கே நல்லாச் சாப்பிடலாம்?" கோவளம், மகாபலிபுரம் என்று ஆளுக்கொரு பதில் சொல்வோம். இதே கடற்கரைக்கு, இதே கேள்விக்கு, சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் நத்தத்தனார். ஊர், இடைக்கழிநாட்டு நல்லூர். மகாபலிபுரம், கல்பாக்கம் தாண்டி ஆலம்பரைக் கோட்டை பார்க்கப் போயிருப்பீர்களே, கடப்பாக்கம் பக்கம்? அந்தப் பேரூராட்சிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றுதான் பெயர். அவர் எழுதியது பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடி. ஓலைச்சுவடியில் கிடந்ததை உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டோடு சேர்த்து அச்சேற்றினார்.

ஆற்றுப்படை என்றால் வழி சொல்வது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிரில் பார்த்து, "இப்படிப் போ, இந்த ஊரில் இன்னது கிடைக்கும்" என்று சொல்கிறான். போகவேண்டிய இடம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி அது.

முதலில் கடற்கரை. மதிலின் பெயர் கொண்ட பட்டினம், எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே அலை ஒதுக்கிய அகில் கட்டைகள், படுத்திருக்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கும். அந்தக் கட்டையில் தீ மூட்டி நுளைச்சியர் வடித்த தேறலும், உலர்ந்த குழல் மீனைச் சுட்டதும் கிடைக்கும். அடுத்து வேலூர். நம் சி.எம்.சி. வேலூர் அல்ல, மரக்காணம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். அங்கே எயிற்றியர் சமைத்த சுடச்சுடப் புளிச்சோறு, ஆமான் இறைச்சிச் சூட்டோடு. பிறகு வயல் சூழ்ந்த ஆமூர். உலக்கைப் பூண் தேயத் தேயக் குத்திய அரிசியில் வடித்த வெண்சோறு, நண்டுக் கலவையோடு. கடைசியில் நல்லியக்கோடன் அரண்மனை. பீமனின் சமையல் நூல் சொன்ன முறை பிசகாமல் சமைத்துப் பொற்கலத்தில் விருந்து.

இந்தப் பட்டியலில் இன்று நமக்கு எது கிடைக்கும்? தேறலை விடுங்கள், 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கே தடை. ஆமானைத் தொட்டால் வனத்துறை வந்து அழைத்துப் போகும். சுட்ட கருவாடும் நண்டும் மீனவர் குப்பங்களில் இன்றும் உண்டு; நாம்தான் பரோட்டாவும் சில்லி சிக்கனும் கேட்டு வாங்குகிறோம். என்னைக் கேட்டால், வலை காயும் கரையோரம் கடை போட்டிருக்கும் அம்மாக்களிடம் அன்றைய மீனை வாங்கிச் சாப்பிடுவதே உசத்தி.

ஆனால் எனக்கு இந்தப் பாட்டில் மறக்கமுடியாதது விருந்து அல்ல, அந்தப் பாணன் வீட்டு அடுப்படி. கூரை இற்று விழுந்த சமையலறை. அதில் குட்டி போட்ட நாய், தனக்கே பால் இல்லாததால் பால் குடிக்க வரும் குட்டிகளைப் பார்த்துக் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புப் போட வழியில்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் சேர்ந்து அதைத் தின்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்கு இது புரியும். படகில் சோற்றுப் பொட்டலம் வந்தபோது கை நீட்டக் கூசி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பெரியவரை நான் பார்த்தேன். பொட்டலம் கொண்டுவந்த பையன்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவர்களில் ஒருவன் கதவைத் தட்டி, "ஐயா, எங்களுக்கும் பசிக்குது, உங்களோட உட்கார்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்டான். பெரியவர் கதவைத் திறந்தார்.

பாணன் போன வழியில் நீங்களும் ஒரு நாளில் போய்வரலாம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். அங்கிருந்து இசிஆரில் நேராக மரக்காணம், தாம்பரத்திலிருந்து மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அங்கே மேற்கே திரும்பினால் திண்டிவனம். திரும்பி வர ஜி.எஸ்.டி. சாலை, நம் வாசலிலேயே கொண்டுவந்து விடும். மரக்காணத்தில் மட்டும் வண்டியை ஓரம் கட்டி உப்பளத்தைப் பாருங்கள். அந்த வீட்டுக் கீரைக்குக் கிடைக்காத உப்பு அங்கே குவியல் குவியலாக, பனையோலை போர்த்திக் கிடக்கும். மழை தொடங்கினால் பாத்தி வேலை நின்றுவிடும், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.