மீனுக்கு எப்போ ராத்திரி?

போன தசராவுக்கு குலசேகரன்பட்டினம் போயிருந்தபோது, சித்தப்பா வீட்டு முன்னறையில் புதுசா ஒரு மீன்தொட்டி இருந்தது. மேலே நீல எல்.இ.டி. விளக்கு. கோயிலிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்பினோம், அப்பவும் எரிந்துகொண்டிருந்தது. "அணைக்க மாட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். "ஏல, இருட்டுல கெடந்தா மீன் பயந்துரும்லா" என்றார்.

கடல் அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் நம்ம கரையில் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். கூடினாலும் குறைந்தாலும் அரை மணி வித்தியாசம்தான். மீதி நேரம் இருட்டு. அதில் எந்த மீனும் பயந்து செத்ததில்லை. அப்படியிருக்க, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

உலகின் முதல் பொது மீன் காட்சிசாலை 1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் திறந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு இருந்த தலைவலியே வேறு: வெளிச்சம் அதிகம்! கண்ணாடித் தொட்டியில் நாலு பக்கமும் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசி படரும். ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் 1864இல் ஹாம்பர்க்கிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அமைத்த காட்சிசாலைகளில் இதற்கு வழி கண்டார். கடலுக்கு வெளிச்சம் மேலேயிருந்துதானே வருது? தொட்டிக்கும் அப்படியே விட்டு, பார்வையாளர் நிற்கும் இடத்தை இருட்டாக்கினார். இன்றைக்கும் மீன் காட்சிசாலைக்குள் நுழைந்தால் இருட்டாக இருப்பதற்கு மூலம் இதுதான்.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வருவது எட்கர் தர்ஸ்டன் வழியாக. சாதிகள், குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலால் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோது, அவர் நம்ம மன்னார் வளைகுடாவுக்கு வந்து முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி ஆராய்ந்து 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். மெரினாவில் ஒரு மீன் காட்சிசாலை வேண்டும் என்பது அவருடைய திட்டம். 1909 அக்டோபரில் திறந்தது. இந்தியாவில் அதுதான் முதல். 1942இல், ஜப்பான் குண்டு பயத்தில் மூடப்பட்டது. எங்க பக்கம் 1942 என்றால் குலசை உப்பளத் தாக்குதலும் லோன் கொலை வழக்கும்தான் பேச்சு. அதே வருஷம் மெரினாவில் மீன்களுக்கும் கதவடைப்பு.

தர்ஸ்டன் ஆராய வந்த முத்துச் சலாபமே பகலையும் இரவையும் பார்த்து நடந்த தொழில். ராத்திரி வீசும் கரைக்காற்றில் பாய்மரத் தோணிகள் புறப்படும். விடியும்போது பாருக்கு மேலே நிற்கும். அடியில் சிப்பி தெரிகிற அளவு வெயில் ஏறினதும் முங்குவார்கள். நண்பகலுக்கு மேல் கடல்காற்று எழும்ப, கரைக்குத் திரும்புவார்கள். சூரியன்தான் அவர்களுக்குக் கடிகாரம். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

தொட்டியிலும் வெகுகாலம் சூரியன்தான் கடிகாரம். குழல்விளக்கும் அப்புறம் எல்.இ.டி.யும் மலிவானதும் சுவிட்ச் நம்ம கைக்கு வந்தது. ராத்திரி தொலைந்தது அப்போதுதான். விளக்கு மீனுக்காக எரியவில்லை, பார்க்கிற நமக்காக எரிந்தது. "மீன் பயப்படும்" என்பது அதற்கு நாம் சொல்லிக்கொண்ட சமாதானம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடி வெளிச்சத்தைத் தடுக்க முடியாது. கண் மட்டும் விஷயமில்லை. 1911இலேயே கார்ல் ஃபான் ஃப்ரிஷ், பார்வையிழந்த சிறு மீன்களும் தலைக்குள் இருக்கும் பினியல் பகுதியால் வெளிச்சத்தை உணர்ந்து உடல் நிறம் மாற்றுவதைக் காட்டினார். 2007இல், நம்ம கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜீப்ரா மீனை வைத்து ஒரு ஆய்வு வந்தது. வெளிச்சத்தில் அந்த மீன்களின் தூக்கம் அடங்கிப்போனது. பிறகு இருட்டில் விட்டபோதும், விட்டுப்போன தூக்கத்தை அவை ஈடுகட்டவில்லை.

என்னை உலுக்கியது 2019இல் ஆஸ்திரேலியாவில் எமிலி ஃபோபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை. 'நீமோ' என்று பிள்ளைகள் கூப்பிடும் கோமாளி மீன்தான் அதில் நாயகன். இதன் முட்டை பொரிவது பொழுது சாய்ந்து இருட்டின பிறகுதான். வேட்டையாடும் மீன்களின் கண்ணில் படாமல் குஞ்சுகள் தப்புவதற்கு அதுவே நேரம். ஆய்வில் சில ஜோடிகளுக்கு ராத்திரி முழுக்க மெல்லிய விளக்கு எரியவிட்டார்கள். அவையும் முட்டையிட்டன, முட்டைகள் வளர்ந்தன. ஆனால் ஒன்றுகூடப் பொரியவில்லை. விளக்கை எடுத்த பிறகுதான் வழக்கம்போலப் பொரிந்தன.

மன்னார் வளைகுடாவிலும் கோமாளி மீன் இனங்கள் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். அங்கேயும் முட்டை பொரிய இருட்டு வேண்டும். பிறந்த குஞ்சு இரை தேட வெளிச்சம் வேண்டும். ரெண்டும் அதனதன் நேரத்தில்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கடையில் ஒரு டைமர் வாங்கி மாட்டினோம். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை எட்டு மணி நேரம் எரியும், தினமும் அதே நேரம். விளக்கு அணைந்தாலும் அறை விளக்கு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். சட்டென்று இருட்டினால் மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டும். அந்த அளவுக்கு "மீன் பயப்படும்" என்ற சித்தப்பா சொல்லிலும் உண்மை உண்டு.

முதல் நாள் ராத்திரி அவர் டார்ச் அடித்துப் பார்க்கக் கிளம்பினார். சித்திதான் தடுத்தார்: "தூங்கட்டும், விடுங்க."