சி. வி. சண்முகம் (மாநிலங்களவைப் பணி)

அ.தி.மு.க. அரசியல்வாதி, தமிழகத்தின் முன்னாள் சட்ட அமைச்சர். திண்டிவனத்தில் 2001, 2006 தேர்தல்களிலும், விழுப்புரத்தில் 2011, 2016 தேர்தல்களிலும் வென்றவர். 2021இல் விழுப்புரத்தில் தோற்றபின், 2022 ஜூன் மாதம் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். மாநிலங்களவை உறுப்பினரின் பணியைப் பொதுவாக வருகை, வினாக்கள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் கொண்டு அளக்கிறார்கள். உடுக்குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகவும், உடுக்குறியற்றதற்கு எழுத்திலும் விடையளிப்பார். எண்ணிக்கையைவிட, கேட்ட வினாவின் கனமே முக்கியம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கான தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மக்களவை உறுப்பினர் பெரும்பாலும் தம் தொகுதிக்கே அதைச் செலவிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்களவை உறுப்பினரோ தம் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். ஏனெனில் அவரைத் தேர்ந்தெடுப்போர் அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே.