தங்கவயலில் படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறானாம். "சார், ஞாயித்துக்கிழமை ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட ஊருக்கு வர்றேன். சைனைடு மேட்டைத் தவிர நம்ம ஊர்ல படம் எடுக்க வேற என்ன சார் இருக்கு?" என்று கேட்டான். தங்கவயலில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று முதலில் எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால் தவறு அவனுடையது அல்ல. சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அன்று அவன் பால்குடி மறக்காத குழந்தை. சங்கு ஊதி அவன் கேட்டதே இல்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பஸ்ஸிலோ காரிலோ வராதீர்கள். பங்காருபேட்டையில் ரயில் ஏறி மாரிக்குப்பம் வாருங்கள். 16 கிலோமீட்டர்தான். கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். இந்தப் பாதை 1894இல் சுரங்கத்துக்காகப் போட்டது. நிலத்துக்கடியில் தங்கப் படிவம் வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன்மேல் நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் அந்த வரிசை உங்களோடு கூடவே வரும்.

முதல் படம் மாரிக்குப்பம் ஸ்டேஷனில், விடிவதற்கு முன். அந்த நேரத்தில் பிளாட்பாரம் முழுக்கச் சாப்பாட்டுப் பையோடு ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். பெங்களூரில் வேலை, ராத்திரி வீடு. நூறு கிலோமீட்டர் போய்த் திரும்புகிற ஊர் இது. ஒரு காலத்தில் இதே ஸ்டேஷனில் கூட்டம் வந்து இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த குடும்பங்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை செய்தார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும், அவர் எழுத்துகள் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையில் அச்சானதும் இதனால்தான். கூலி வேலைக்கு வந்தவர்கள் அச்சகமும் வைத்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது இடம் லைன் வீடுகள். ஒற்றை அறை, தாழ்ந்த கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகள். காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் சாய்வாகச் சந்துக்குள் இறங்கும். படம் நன்றாக வரும். ஆனால் கேமராவைத் தூக்குவதற்கு முன் வாசலில் இருப்பவரிடம் "அம்மா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அது அவர்கள் வீடு, கண்காட்சி அல்ல. சுவரில் விரிசல் தெரிந்தால் உற்றுப் பாருங்கள். பூமிக்கடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு குலுங்கும். உடனே பிள்ளைகள் முகத்தில் ஒரே கேள்விதான். அப்பா இப்போது எந்த ஷிப்டு?

மூன்றாவது, ஷாப்டுகளின் இரும்புக் கோபுரங்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. நடுவில் இறங்கி வேறு ஷாப்டுக்கு மாற வேண்டும். அடியில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்காற்றை இயந்திரம் வைத்துக் கீழே அனுப்பினார்கள். அந்த ஆழமே விஞ்ஞானிகளுக்கு உதவியது. மேலே இருக்கிற பாறை மற்ற கதிர்களை வடிகட்டிவிட, 1965இல் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை இந்தச் சுரங்கத்துக்குள்தான் பதிவு செய்தார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்ததும் இந்த இயந்திரங்களுக்காகத்தான். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு 1905இல்.

கோபுரத்தைச் சாலையிலிருந்தே எடுங்கள். வேலி தாண்டாதீர்கள். பழைய குழிகளின் வாய் புதர் மூடிக் கிடக்கும். கால் வைத்தபிறகு தெரிந்து பயனில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவல் கேமராவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் குரூப் போட்டோ எடுத்தேன். பள்ளிக்குப் பின்னால் ஷாப்டின் கோபுரம் நின்றது. பிள்ளைகள் "அங்க நின்னு எடுக்கலாம் சார்" என்றார்கள். "அந்த இரும்பு எங்கே ஓடிப்போகப் போகிறது? பூச்செடி பக்கம் வாங்க" என்று இழுத்துப் போனேன். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பின்னால் செம்பருத்தி. கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிப் பல வருஷமாகிறது. என் அப்பா முப்பது வருஷம் இறங்கி ஏறிய கோபுரம் அது. அவர் தொப்பியும் விளக்குமாக நின்ற படமும் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருப்பது கல்யாணத்துக்கு ஸ்டுடியோவில் எடுத்த ஒன்றுதான், இரவல் கோட்டில்.

நான்காவது, நீங்கள் எல்லோரும் ஓடுகிற சைனைடு மேடு. கல்லை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைக் கொட்டிய குவியல் அது. மழை அறுத்த வரிகளும் சாயங்கால வெளிச்சமும் சேர்ந்தால் வேறு கிரகம் மாதிரி இருக்கும். சினிமாக்காரர்கள் வந்தார்கள், இப்போது கல்யாண ஜோடிகளும் வருகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு தெரிந்துகொண்டு நில்லுங்கள். 120 வருஷத்தில் இங்கே எடுத்த தங்கம் சுமார் 800 டன். கொட்டிக் கிடக்கிற கழிவு சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். சைனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும். பாறைத் தூள் சிதையாது. ஆடிக்காற்றில் அது சோற்றுப்பானை வரைக்கும் வரும். ஆகவே மேட்டில் ஏறாமல், தள்ளி நின்று, கீழே இருக்கிற வீடுகளும் அதே படத்தில் விழும்படி எடுங்கள். வீடு இல்லாத மேடு வெறும் அழகு. வீட்டோடு எடுத்தால்தான் அது தங்கவயல்.

ஐந்தாவது, கிளப்பும் மரங்கள் சூழ்ந்த பழைய பங்களாக்களும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்ற பிறகு வந்த துரைமார்கள் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்த பகுதி. கிளப் ஆரம்பத்தில் வெள்ளையர்களுக்கு மட்டும். காலையில் லைன் வீட்டையும் மாலையில் பங்களாவையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பாடமாக நடத்தத் தேவையே இல்லை.

நேரம் இருந்தால் பேத்தமங்கலம் ஏரிக்கும் போங்கள். பாலாற்று நீரைத் தேக்கித் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஏரி. கரையில் விடியற்காலையில் பறவைகள் கிடைக்கும்.

மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரே நாள்ல முடியாதே சார்" என்றான். முடியாதுதான். இரண்டு ஞாயிறு வா என்றேன். வந்தான். சாம்பியனில் எண்பது வயது தாண்டிய ஒருவர் பரண்மேலிருந்து தன் பழைய தொப்பியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "இப்ப எடு தம்பி" என்றாராம். அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அப்பா, தாத்தாவின் தொப்பியோ விளக்கோ வேலை அட்டையோ இருக்கலாம். வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அவர் பெயர், எந்தச் சுரங்கம், எந்த வருஷம் என்று தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். அவரே இருந்தால் அவரையும் சேர்த்து எடுங்கள். பழைய பொருளைத் தூக்கிப் போட யாராவது கிளம்பினால், படம் எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.

அந்த ஏழாம் வகுப்புக் குரூப் போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன். செம்பருத்திக்கு முன்னால் நிற்பது யார் யார் என்று அடையாளம் சொல்லுங்கள். நான்கு பேருடைய பெயர் எனக்கே நினைவுக்கு வரவில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்