குமரப்பாவின் கணக்குமுறை

நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் என வழங்கப்பெற்றார். கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல். பதினெண்கீழ்க்கணக்கு என்னுமிடத்துக் கணக்கு என்பது நூலைச் சுட்டும். வரவு செலவு எழுதும் ஏட்டிற்கும் பெயர் அதுவே. பொருளியலில் எண்ணின் இடம் யாது என ஆராயப் புகும் நாம் அச்சொல்லின் இவ்விரு பொருளையும் நினைவிற் கொள்ளுதல் தகும். எண்ணுதல் வேறு, எதனை எண்ணுவது, எவ்வரிசையில் எண்ணுவது எனத் துணிதல் வேறு. பின்னதையே ஈண்டு முறையியல் என்கிறோம். மதுரைக்குத் தென்மேற்கே டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்த ஜே. சி. குமரப்பாவின் எழுத்துக்கள் இவ்வேறுபாட்டிற்கு நல்ல சான்றாவன.

குமரப்பாவை அறவோர் எனப் போற்றுவாரும் உளர். பழமை விரும்பி என ஒதுக்குவாரும் உளர். இரு சாராரும் அவர் தொழிலாற் கணக்கர் என்பதை மறந்துவிடுகின்றனர். 1892இல் தஞ்சையிற் பிறந்த அவர் இலண்டனிற் கணக்காய்வுப் பயிற்சி பெற்று, பம்பாயில் அத்தொழில் நடத்தி, பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பொதுநிதி பயின்றார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்த பின், குஜராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை நேரிற் சென்று அளந்தறிந்தார்.

கணக்கர் முதலிற் கற்பது முதலையும் வருவாயையும் பிரித்தறிதலாகும். முதலை விற்றுண்டு அதனை வருவாய் எனப் பதிவாரைக் கணக்காய்வாளர் ஒப்பார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் ஆங்கில நூலில் (1945) குமரப்பா இவ்விதியை இயற்கைக்கே பொருத்திக் காட்டினார். நிலக்கரியும் கல்லெண்ணெயும் தாதுக்களும் தேங்கி நிற்கும் செல்வம், எடுக்கக் குறைவன. ஓடும் நீரும் காட்டின் வளர்ச்சியும் ஆண்டுதோறும் வருவன. இப்பிரிவு அறவுரை அன்று. ஏட்டுக் கணக்கின் விதியே ஆகும்.

அந்நூலின் மற்றொரு பகுதி இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு லட்சம் மக்கள் வாழும் நிலப்பகுதி ஒன்றை அவர் கொள்கின்றார். ஒருவர்க்கு நாளொன்றுக்குத் தானியம் 16 அவுன்சு எனத் தொடங்கி, பருப்பு, வெல்லம், பால், காய்கறி, ஆடைக்கு வேண்டும் பருத்தி என நிரல்படுத்தி, விதைக்கும் சேதத்திற்கும் உரியதைக் கூட்டி, ஒவ்வொன்றிற்கும் எத்துணை ஏக்கர் வேண்டும் எனக் காண்கின்றார். பெருக்கலும் வகுத்தலும் நூற்றுவீதமுமன்றி இதில் வேறு கணிதம் இல்லை. புதுமை வரிசையில் உள்ளது. சந்தை விலையிற் தொடங்குவார் பயிரைத் தேர்ந்து, கிடைத்த பணத்தால் உணவு தேடுவர். இவரோ வயிற்றிலிருந்து வயலுக்குச் செல்கின்றார். ஆலைக்கெனக் கரும்பிட்ட நிலத்தில் எவ்வுணவு விளையாது போயிற்று என்பதை விலை காட்டாது, இப்பட்டியல் காட்டும். நன்செய்க்குதவாத நிலத்து நிற்கும் பனையின் வெல்லத்தை அவர் வற்புறுத்தியதும் இக்கணக்கின் விளைவே. அதனை வெறும் பனைப்பற்று என்பார் கணக்கைப் படித்திலர்.

1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு மகலனோபிசு வகுத்த கணித அமைப்பு இதனினும் மிக நுட்பமானது. முதலீட்டில் எப்பங்கு எந்திரம் செய்யும் எந்திரங்களுக்குச் செல்லின் நாட்டின் வருவாய் எவ்வாறு வளரும் என்பது அதன் வினா. குமரப்பாவின் வினா வேறு. வினா வேறாயின் கணிதத்தின் நுட்பத்தை மட்டும் கொண்டு ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துதல் பொருந்தாது.

எனினும் குமரப்பாவிடம் குறை இல்லை எனல் ஆகாது. புலி, குரங்கு, தேனீ முதலியவற்றைக் காட்டிப் பொருளாதார வகைகளை அவர் விளக்கியது உவமையேயன்றி நிறுவல் அன்று. அப்பகுதியே பெரிதும் எடுத்தாளப்படுவது வருந்தத்தக்கது. பட்டியலிலும் ஒரு தடை உண்டு. ஏக்கர் ஒன்றிற்கு ஒரே சராசரி விளைவு கொள்ளின், 1895 முதற் பெரியாற்று நீர் பாயும் மேலூர் வயல்களும் மழையை நோக்கும் கல்லுப்பட்டிக் கரிசலும் ஒன்றாகிவிடும். நீர்ப்பாசனம், மண்வகை, மழை ஆகியவற்றாற் பிரித்து, மதுரை வட்டாரத்திற்கு மட்டுமேனும் இரு பட்டியல் வகுத்தல் வேண்டும். அவர்தம் முறை அதற்கு இடந்தருகின்றது; வேண்டுவன விளைவுக் கணக்கும் நிலப்பதிவும் மட்டுமே.