மேகக் கணிமையில் அணுகல் உரிமை மேலாண்மை

இணையம் வழியே வாடகைக்குப் பெறும் கணினி வளங்களில் யார், எதை, எந்த அளவுக்குச் செய்யலாம் என்பதை வரையறுத்து, ஒவ்வொரு கோரிக்கையின்போதும் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு அணுகல் உரிமை மேலாண்மை எனப்படுகிறது. இதில் இரண்டு வேலைகள் உண்டு. வந்திருப்பவர் யார் என்று உறுதிசெய்வது அடையாளச் சரிபார்ப்பு. அவர் கேட்கும் செயலுக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது அதிகாரச் சரிபார்ப்பு. மென்பொருள் துறையினர் இரண்டையும் சேர்த்து ‘ஐஏஎம்’ என்கிறார்கள்.

இத்துறையின் வரலாறு 1960களில் தொடங்குகிறது. முதலில் உரிமை தனியாளின் பெயரோடு ஒட்டியிருந்தது. பிறகு அவர் வகிக்கும் பொறுப்புக்கு, அதாவது துறை வழக்கில் ‘ரோல்’ என்பதற்கு, மாறியது. மேகக் கணிமை வந்தபின் மனிதர்களைப் போலவே நிரல்களும் உரிமை பெற்றன. நிரந்தர உரிமையின் இடத்தைச் சிறிது நேரமே செல்லுபடியாகும் உரிமை பிடித்துவருகிறது.

நேரப்பகிர்வுக் கணினிகள்

ஒரு கணினியை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் ‘இந்தக் கோப்பு யாருடையது’ என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு இயங்குதளம் 1961இல் செயல்விளக்கம் கண்டது. ஒவ்வொரு பயனரின் கோப்புகளையும் தனித்தனியே வைக்க அதில் கடவுச்சொல் முறை கொண்டுவரப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே வெளியிட்டார்.

1966இல் அதே கணினியில் வேறொரு கோளாறு நேர்ந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் வேலை செய்தனர்: ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார், மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். நிர்வாகியாக ஒருவர்தான் ஒரு நேரத்தில் வேலை செய்வார் என்று எண்ணி, திருத்தும் மென்பொருளின் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயர் வைத்திருந்தார்கள். இரு கோப்புகளும் இடம் மாற, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதில் எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்தன. உயர் அதிகாரம் ஒரே ஆளிடம்தான் இருக்கும் என்ற அனுமானம் பின்னாளில் மேகக் கணக்குகளிலும் திரும்ப வந்தது.

எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகியவை சேர்ந்து 1965 முதல் உருவாக்கிய மல்ட்டிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுகல் பட்டியலை வைத்தது. அதன் ஒவ்வொரு வரியிலும் பயனரின் பெயரோடு அவர் எந்தத் திட்டப்பணியின் கீழ் உள்ளே வந்திருக்கிறார் என்பதும் இருந்தது. ஆளையும் அவர் செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்கும் எண்ணத்தின் ஆரம்ப வடிவம் இது.

1971இல் பட்லர் லாம்ப்சன் இம்முறைகளை ஓர் அட்டவணையாக்கிக் காட்டினார். வரிசைகளில் பயனர்கள், நெடுவரிசைகளில் கோப்புகள், கட்டங்களில் உரிமைகள். நெடுவரிசையாக எடுத்துக் கோப்போடு வைத்தால் அது அணுகல் பட்டியல்; வரிசையாக எடுத்துப் பயனரிடம் கொடுத்தால் அது அனுமதிச் சீட்டு. இன்றைய மேகச் சேவைகளிலும் இவ்விரு வழிகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

யூனிக்ஸ் இந்த அட்டவணையை ஒன்பது பிட்டுகளாகச் சுருக்கியது. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமை. இவற்றுக்கு மேல் எல்லாம் செய்யக்கூடிய ‘ரூட்’ என்ற பயனர் இருந்தார். ஒரு நிரலை இயக்கும் நேரத்துக்கு மட்டும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தை இயக்குபவருக்குக் கடன் தரும் உத்தியை டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்தார். அதற்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது. அதிகாரத்தைத் தற்காலிகமாக ஏற்று, வேலை முடிந்ததும் விட்டுவிடும் இன்றைய மேக நடைமுறைக்கு இது முன்னோடி.

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படைக் கோட்பாடுகளைத் தொகுத்தது. அவற்றில் இரண்டு இன்றும் மேக நிறுவனங்களின் கையேடுகளில் உள்ளன: வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரம் மட்டுமே தரவேண்டும், அனுமதி என்று சொல்லப்படாத எதுவும் மறுக்கப்பட வேண்டும்.

பொறுப்பு சார்ந்த அணுகல்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்ட, ‘ஆரஞ்சு நூல்’ என்று பெயர்பெற்ற மதிப்பீட்டு விதிகள் இரு முறைகளை ஏற்றன. கோப்பின் உரிமையாளர் தம் விருப்பப்படி பிறருக்கு உரிமை தருவது ஒன்று. ரகசியத் தரவரிசைப்படி அமைப்பே தீர்மானிப்பது மற்றொன்று. வணிக நிறுவனங்களுக்கு இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. ரகசியம் காப்பதைவிடக் கணக்கில் தில்லுமுல்லு நடக்காமல் தடுப்பதே அவற்றுக்கு முக்கியம் என்று டேவிட் கிளார்க்கும் டேவிட் வில்சனும் 1987இல் வாதிட்டனர். பொருள் வாங்க ஆணையிடுபவரே அதற்கான பணத்தையும் அனுமதிக்கக் கூடாது என்ற தணிக்கை மரபு இவ்வாறு கணினிப் பாதுகாப்புக்குள் வந்தது.

1992இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் பொறுப்பு சார்ந்த அணுகல் கட்டுப்பாட்டை முறையான மாதிரியாக முன்வைத்தனர். இம்முறையில் உரிமைகள் நேரடியாக ஆளுக்குச் செல்வதில்லை. உரிமைகள் பொறுப்போடு இணைக்கப்படுகின்றன; ஆட்களும் பொறுப்போடு இணைக்கப்படுகின்றனர். வட்டாட்சியர் மாறுதலாகிப் போனால் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் அவரோடு போவதில்லை, அடுத்து வருபவருக்குச் சேர்கிறது அல்லவா? அதே ஏற்பாடுதான் இது. ஊழியர் வேலை மாறும்போது நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தேடி உரிமையை நீக்க வேண்டியதில்லை. ஓர் இணைப்பை எடுத்தால் போதும்.

1996இல் ரவி சாந்துவும் உடன் ஆய்வாளர்களும் இதை நான்கு மாதிரிகளாக விரித்தனர். ஒரு பொறுப்பு இன்னொன்றின் உரிமைகளைப் பெறும் படிநிலையும், முரண்படும் இரு பொறுப்புகளை ஒருவரே வகிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவற்றில் இடம்பெற்றன. 2004இல் இது அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது.

நடைமுறையில் வேறு சிக்கல் வந்தது. கிளைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று என்று பொறுப்புகள் பெருகி, சில நிறுவனங்களில் ஊழியர்களைவிடப் பொறுப்புகள் அதிகமாயின. துறை, இடம், நேரம், கோப்பின் தன்மை போன்ற பண்புகளை வைத்து அந்தந்த நொடியில் முடிவெடுக்கும் பண்பு சார்ந்த முறை இதற்கு மாற்றாக வளர்ந்தது. அதற்கான நிஸ்ட் வழிகாட்டி 2014இல் வெளிவந்தது.

நிறுவன எல்லையைத் தாண்டி

இதே காலத்தில் அடையாளச் சரிபார்ப்பும் ஒரு கட்டடத்தைவிட்டு வெளியேறியது. எம்ஐடியில் பிறந்த அடையாளச் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ், 1993இல் வரையறுக்கப்பட்ட பெயர்ப்பட்டியல் அணுகு நெறியான எல்டாப் ஆகியவற்றின் அடிப்படையில், விண்டோஸ் 2000உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி ஊழியர்களின் பெயர்ப்பட்டியலை ஒரே இடத்தில் சேர்த்தது. 2005இல் வந்த சாம்ல் 2.0 தரத்தால் ஒரு நிறுவனம் உறுதிசெய்த அடையாளத்தை வேறொரு நிறுவனத்தின் சேவை ஏற்க முடிந்தது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு செயலிக்குக் குறிப்பிட்ட அனுமதியை மட்டும் தரும் ஓஆத் 2.0 தரம் 2012இல் வெளியானது. அலுவலகக் கணக்கைக் கொண்டே மேகச் சேவைக்குள் நுழைய இவையே வழிசெய்தன.

மேகத்தின் தொடக்கம்

அமேசான் வெப் சர்வீசஸ் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் ஈசி2 என்ற கணினி வாடகைச் சேவையையும் தொடங்கியது. அப்போது ஒரு நிறுவனத்துக்கு ஒரு கணக்கு. கணக்கு முழுவதையும் ஆளும் ஒரு சாவி. அதைக் குழுவினர் பகிர்ந்துகொண்டனர். சாவி வைத்திருந்த யாரும் சர்வர்களை உருவாக்கலாம், அழிக்கலாம்; செய்தது யார் என்று பிரித்தறிய வழியில்லை. முன்பு ஒரு சர்வரை அகற்ற ஆள் ஒருவர் சர்வர் அறைக்குள் போக வேண்டியிருந்தது. மேகத்தில் ஒரு கட்டளை போதும். எனவே அறையின் பூட்டு செய்த காவல் வேலை முழுவதும் உரிமை விதிகளின் மேல் விழுந்தது.

2010 செப்டம்பரில் முன்னோட்டமாகவும் 2011இல் முழுமையாகவும் வந்த அமேசானின் ஐஏஎம் சேவை, கணக்குக்குள் தனிப் பயனர்களையும் குழுக்களையும் அனுமதித்தது. உரிமைகள் ஜேசன் என்ற உரை வடிவில் கொள்கை ஆவணங்களாக எழுதப்பட்டன. அனுமதியா மறுப்பா, எந்தச் செயல், எந்த வளம், எந்த நிபந்தனையில் என்பவை ஒவ்வொரு விதியின் உறுப்புகள். எதுவும் சொல்லப்படாவிட்டால் மறுப்பு. அனுமதி விதி இருந்தால் ஏற்பு. வெளிப்படையான மறுப்பு ஒன்று எங்கேனும் இருந்தால் எத்தனை அனுமதிகள் இருந்தாலும் அதுவே இறுதி.

2012 ஜூனில் ஈசி2 சர்வர்களுக்கே பொறுப்பு வழங்கும் வசதி வந்தது. அதுவரை நிரலாளர்கள் ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதிவைத்தனர். நிரல் பொதுவெளியில் பகிரப்பட்டால் சாவியும் கூடவே போயிற்று. புதிய முறையில் சர்வர் தன் பொறுப்பின் பெயரில் தற்காலிகச் சான்றுகளைப் பெறுகிறது. அவை தாமாகவே காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுகின்றன.

எல்லா அதிகாரத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும் பழைய பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிரல் சேமிப்பு நிறுவனம் அனுபவித்தது. அதன் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்தவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கடவுச்சொற்களை மாற்றியபோது, முன்பே உருவாக்கி வைத்திருந்த வேறு கணக்குகளின் வழியே உள்ளே வந்து தரவுகளையும் அவற்றின் நகல்களையும் அழித்தார். வேலை செய்யும் தரவும் காப்பு நகலும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருந்தன. நிறுவனம் மூடப்பட்டது.

வழங்குநர்களின் வெவ்வேறு வழிகள்

மைக்ரோசாஃப்ட் அஷூரில் தொடக்கத்தில் சேவை நிர்வாகி, இணை நிர்வாகி போன்ற சில பதவிகளே இருந்தன. இணை நிர்வாகிக்கும் சந்தா முழுவதிலும் அதிகாரம் இருந்தது. 2015இல் பொறுப்பு சார்ந்த முறை நடைமுறைக்கு வந்தது. இதில் யாருக்கு, எந்தப் பொறுப்பு, எந்த எல்லைக்குள் என்ற மூன்றும் சேர்ந்ததே ஒரு நியமனம். மேல்நிலையில் தந்த உரிமை கீழுள்ள வளங்களுக்கும் இறங்கிவரும். ‘கான்ட்ரிபியூட்டர்’ என்ற பொறுப்பை வகிப்பவர் வளங்களை உருவாக்கலாம், அழிக்கலாம். ஆனால் பிறருக்கு உரிமை வழங்க முடியாது. பயன்படுத்தும் அதிகாரமும் பகிர்ந்தளிக்கும் அதிகாரமும் இங்கே பிரிக்கப்பட்டன. பழைய நிர்வாகிப் பதவிகள் 2024 ஆகஸ்ட் 31இல் ஓய்வுபெற்றன.

கூகுள் கிளவுடில் உரிமையாளர், திருத்துநர், பார்வையாளர் என்ற மூன்று பரந்த பொறுப்புகள் முதலில் இருந்தன. 2016இல் சேவைவாரியான நுண்ணிய பொறுப்புகள் வந்தன. பழைய மூன்றும் இன்றும் உள்ளன. உண்மையான பணிச்சூழலில் அவற்றைத் தவிர்க்கும்படி கூகுளின் கையேடே சொல்கிறது.

பல மேகங்களிலும் இயங்கும் கொள்கலன் மேலாண்மை மென்பொருளான குபர்நெட்டிஸ், 2017இல் 1.8 பதிப்பில் பொறுப்பு சார்ந்த முறையை நிலைப்படுத்தியது. அமேசானுக்கு மாறாக இதில் மறுப்பு விதியே கிடையாது. உரிமைகளைக் கூட்டத்தான் முடியும். தம்மிடம் இல்லாத உரிமையைப் பிறருக்கு வழங்கும் பொறுப்பை ஒருவர் உருவாக்க முயன்றால், அதற்கெனச் சிறப்பு அனுமதி இல்லாதவரை, அமைப்பு தடுத்துவிடும்.

கேப்பிட்டல் ஒன் நிகழ்வு

2019 ஜூலையில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி தன் தரவுக் கசிவை அறிவித்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர். தவறாக அமைக்கப்பட்ட ஒரு தடுப்புச் சுவர் மென்பொருள், வெளியாள் அனுப்பிய கோரிக்கையை சர்வரின் உள் தகவல் சேவைக்குக் கடத்தியது. அந்தச் சேவை சர்வரின் பொறுப்புக்குரிய தற்காலிகச் சான்றுகளைத் தந்துவிட்டது. எஸ்3 சேமிப்பகங்களைப் பட்டியலிடவும் படிக்கவும் அந்தப் பொறுப்புக்கு உரிமை இருந்ததால் தரவுகள் வெளியே போயின. யாருடைய கடவுச்சொல்லும் இதில் உடைக்கப்படவில்லை. நிரலுக்குத் தந்த உரிமை அதன் வேலைக்கு வேண்டியதைவிட அகலமாக இருந்தது. 2020இல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த உள் தகவல் சேவையை இவ்வகைத் தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடாத புதிய வடிவில் அமேசான் 2019 நவம்பரில் வெளியிட்டது.

இன்றைய போக்குகள்

நிர்வாக உரிமையை எப்போதும் கையில் வைத்திராமல், தேவைப்படும்போது காரணம் சொல்லி, ஒப்புதல் பெற்று, சில மணி நேரத்துக்கு மட்டும் ஏற்பது பெரிய நிறுவனங்களில் பரவிவருகிறது. அலுவலக வலையமைப்புக்குள் இருப்பதாலேயே யாரையும் நம்பிவிடாமல் ஒவ்வொரு கோரிக்கையையும் சோதிக்கும் ‘ஜீரோ டிரஸ்ட்’ அணுகுமுறையை நிஸ்ட் 2020இல் ஆவணப்படுத்தியது. கூகுள் தன் ஜான்சிபார் அமைப்பை 2019இல் விவரித்தது: யூடியூப், டிரைவ் போன்றவற்றுக்காக லட்சம் கோடிக் கணக்கான உரிமைப் பதிவுகளை வைத்து, நொடிக்குப் பல பத்து லட்சம் அனுமதிக் கேள்விகளுக்குப் பதில் தரும் அமைப்பு அது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடுகள் செய்யத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

ஒரு கொள்கை ஆவணத்தால் யார் யாருக்கு வழி திறக்கிறது என்பதைத் தர்க்க முறையில் கணக்கிடும் கருவிகளும் வந்துள்ளன. அமேசான் 2019 இறுதியில் அத்தகைய ஆய்வுக் கருவி ஒன்றை வெளியிட்டது. தர்க்கச் சோதனைக்கு ஏற்ப வடிவமைத்த சிடார் என்ற கொள்கை மொழியை 2023இல் திறமூலமாக்கியது. மைக்கேல் ஹாரிசன், வால்டர் ருஸ்ஸோ, ஜெஃப்ரி உல்மன் ஆகியோர் 1976இலேயே இத்தகைய கணக்கீட்டின் எல்லையைக் காட்டியிருந்தனர்: உரிமைகளை மாற்றும் விதிகளுக்கு வரம்பே இல்லாவிட்டால், ஓர் உரிமை தகாத கைக்குப் போகுமா என்று எல்லா நேர்வுகளிலும் கண்டறியும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது. ஆகவே இன்றைய கருவிகள் மொழியின் ஆற்றலைக் குறைத்து விடையின் உறுதியை வாங்குகின்றன. யாருக்கு உரிமை இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். அந்த உரிமை இன்னும் அவருக்குத் தேவையா என்பதை வேலையை அறிந்தவரே சொல்ல முடியும். துறைத் தலைவர்கள் தம் கீழுள்ளோரின் உரிமைப் பட்டியலைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று தணிக்கையாளர்கள் இன்றும் கேட்பது இதனால்தான்.