மறைந்து போன மூன்றாவது வாக்கு



சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராகிய ஷா ஆலத்தில் வாழும் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. ஒன்று நாடாளுமன்றத்திற்கு, மற்றொன்று 56 இடங்களைக் கொண்ட மாநிலச் சட்டமன்றத்திற்கு. மாநிலத்தின் தலைவர் மரபுரிமையால் அரியணை ஏறும் சுல்தான். ஆட்சியை நடத்தும் மந்திரி பெசாரோ சட்டமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவராக இருத்தல் வேண்டும். ஆனால், வீட்டு வரி வாங்கி, குப்பை அள்ளி, கால்வாயைப் பராமரிக்கும் மாநகர் மன்றத்தின் டத்தோ பண்டாரையும் உறுப்பினர்களையும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசே நியமிக்கிறது. இது ஏன்?

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடைபெற்றன. கோலாலம்பூரில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கூட்டுச் சேர்ந்து, 12 இடங்களில் 9ஐ வென்றன. பின்னர் ம.இ.கா.வும் சேர்ந்தது. 1955 பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றி, விடுதலைக்கு வழிவகுத்த கூட்டணிக்கு வித்து ஒரு நகரத் தேர்தலிலேதான் ஊன்றப்பட்டது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966 ஆகஸ்டில் மோதல் தீர்ந்தது, தேர்தல்களோ திரும்பவில்லை.

இதற்கிடையே, ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் நம் தமிழரான மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவராக இருந்தும், அவர் தலைமையிலான ஆணையம் தேர்தல் முறையே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அறிக்கை 1971இல் வெளியாயிற்று. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், தலைவருடன் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் என விதித்தது.

1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஆகவே சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. தோட்ட நிலத்தில் எழுந்த ஷா ஆலம், 1978இல் அந்தத் தகுதியைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் மாநகரமும் ஆயிற்று. சட்டம் முந்திக்கொண்டு, நகராட்சி பிந்திப் பிறந்தமையால், தன் நகர மன்றத்திற்கு ஒருமுறையும் வாக்களித்தறியாத தலைநகராக அது விளங்குகிறது.

நேயர்களே, உரிமையைப் பறிப்பதாக 1965இல் யாரும் அறிவிக்கவில்லை. சிறிது காலம் நிறுத்தி வைப்பதாகவே கூறினர். வீட்டு வரிச் சீட்டு இன்றும் தவறாமல் வருகிறது. அதைச் செலவிடுவோரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டுதான் வருவதில்லை.