மெல்லப் பறக்கும் விமானமும் அதன் விசிறியும்



திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரத்தில், கொதிகலன் தொழிற்சாலையில் பணிபுரியும் என் மகனோடு நான் வசித்து வருகிறேன். சென்ற விடுமுறையில் என் பேரன் மின்சாரத்தால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்தான். எடை 400 கிராம்; அகன்ற இறக்கைகள்; மெல்லப் பறக்க வேண்டுமென்பது அவன் ஆசை. ஊர்ப்புறத் தரிசு ஒன்றில் அதைப் பறக்கவிட்டபோது, மோட்டார் வண்டெனக் கதறிற்று. விமானமோ எழும்பாமல் புல்லில் தவழ்ந்தது. மூக்கிலிருந்த விசிறியின் குறுக்களவு 6 அங்குலம். பெரியதாக இருக்கட்டுமென்று அதே மோட்டாரில் 10 அங்குல விசிறியைப் பூட்டினான். அரை நிமிடத்தில் கம்பிச் சுருள் தீய்ந்த வாசனை வந்தது. "தாத்தா, சின்னதும் ஆகவில்லை, பெரியதும் ஆகவில்லையே!" என்றான். நான் சரித்திரம் கற்பித்தவன். எனக்குத் தெரிந்த விடை சரித்திரத்தில்தான் இருந்தது.

1902ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர்களுக்கும் இதே கவலைதான். இறக்கையின் இலக்கணத்தை ஓரளவு கண்டுகொண்ட அவர்கள், விசிறிக்குக் கப்பல் நூல்களில் கணக்கு இருக்குமென்று எண்ணித் தேடினார்கள். அங்கே செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட வழக்கம் இருந்ததேயன்றிக் கணக்கு இல்லை. அண்ணனும் தம்பியும் வாதிட்டார்கள். ஒருவர் கட்சியை மற்றவர் ஏற்றுக்கொண்டு, மறுபடியும் எதிரெதிராகவே நின்ற வேடிக்கையும் நடந்ததுண்டு! முடிவில் ஒன்று தெளிவாயிற்று: விசிறி என்பது சுழன்றுகொண்டே முன்னேறும் ஓர் இறக்கை. திருகாணி மரத்தில் ஏறுவதுபோல் அது காற்றில் ஏறுகிறது என்று மட்டும் எண்ணியிருந்தவர்களிடையே இது புதிய பார்வை.

அவர்கள் ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒட்டி, கைக்கோடரியாலும் இழுப்புளியாலும் செதுக்கி, எட்டரை அடிக் குறுக்களவில் இரண்டு விசிறிகள் செய்தார்கள். எஞ்சினின் சக்தி 12 குதிரைத்திறனே. அது நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்றுச் சுற்றியது. சைக்கிள் கடைக்காரர்களல்லவா? சங்கிலியும் பற்சக்கரமும் கொண்டு அவ்வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, விசிறியை ஏறத்தாழ 350 சுற்றுகளுக்கு இறக்கினார்கள். 1903 டிசம்பர் 17இல் அது 12 விநாடி பறந்து 120 அடி சென்றது. பிற்காலத்தில் அவ்விசிறிகளின் பிரதிகளைச் சோதித்தவர்கள், கொடுத்த சக்தியில் முக்கால் பங்கு வரை உந்தலாக மாறியதைக் கண்டு வியந்தார்கள். சகோதரர்களின் பெருமையில் பாதி இந்த விசிறிக்கே உரியதென்பேன். ஏனோ பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லுவதில்லை.

ஏழே ஆண்டுகளில் அந்த அலை நம் சென்னைக்கும் வந்தது. 1910இல் ஹோட்டல் அதிபர் டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் ஒன்று செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

பெரிய விசிறி மெல்லச் சுழல்வதில் என்ன லாபம்? மாணவர்களே, பௌதிகப் பாடத்தை நினைவுகூருங்கள். உந்தல் கிடைப்பது காற்றைப் பின்னே தள்ளுவதால். இரு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினாலும் உந்தல் அதுவே. ஆனால் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், செலவு பாதியாகிறது. குறைந்த சக்தியோடு மெல்லப் பறப்பவனுக்கு இதுவே உயிர்நாடி.

1979 ஜூன் 12இல் பிரயன் ஆலன் என்பவர் காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஏறத்தாழ 36 கிலோமீட்டருக்கு 2 மணி 49 நிமிடம். மனிதக் கால்கள் நெடுநேரம் தரக்கூடியது குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். ஆகவே அவ்விமானத்தின் விசிறி ஆள் உயரத்தினும் நீண்டதாய், நிமிடத்துக்குச் சுமார் நூறு சுற்றே சுழன்றது.

மின்சார மாதிரி விமானங்களின் கதை வேறு. 1957 ஜூன் 30இல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் வானொலியால் கட்டுப்படுத்தும் மின் விமானத்தைப் பறக்கவிட்டார். மின்கலத்தின் பளு அந்நாளில் பெருந்தடை. பிறகு வந்த சிறு மோட்டார்கள் பளு குறைந்தவை, ஆனால் அதிவேகக்காரர்கள். ரைட் சகோதரர்கள் செய்ததுபோலவே பற்சக்கரம் வைத்து அடக்கினார்கள். இப்போது வெளிக்கூடு சுழலும் மோட்டார்கள் பற்சக்கரமின்றியே மெல்லச் சுழல்கின்றன.

மோட்டார் உறையில் 'கேவி' என்றொரு எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். பேரனுடைய மோட்டாரில் அது 2,200. அவன் மின்கலம் 7.4 வோல்ட். சிறு விசிறி 12,000 சுற்றுச் சுற்றியிருக்கும். அதன் மேல் 6×4 என்றிருந்தது: ஒரு சுற்றுக்கு 4 அங்குல முன்னேற்றம். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 73 கிலோமீட்டர்! அவன் விமானம் பறக்கவேண்டிய வேகமோ 20. அகலமான விசிறியை அதே வேகத்தில் சுழற்றுவதும் ஆகாத காரியம். ஒரே வடிவ விசிறியின் குறுக்களவை இரட்டித்தால் 32 மடங்கு சக்தி கேட்கும். தீய்ந்த வாசனைக்குக் காரணம் அதுதான்.

தாளில் இக்கணக்கை இருவரும் போட்டு முடிக்க இரவு பத்து மணியாயிற்று. அடுத்த வாரம் கேவி 1,000 உள்ள மோட்டாரும் 10×4.7 விசிறியும் வந்தன. சுமார் 5,000 சுற்று. கணக்குப்படி 36 கிலோமீட்டர். மாலை வெயில் தணிந்தபின் கையிலிருந்து விட்டான். கதறல் இல்லை, மின்விசிறியின் ஓசைபோல் ஒரு முனகல் மட்டும். ஓட்டமாக ஓடாமல் நடந்தே அதைத் தொடர்ந்தேன்.